அடைப்புக்குறிக்குள் ஒன்று

கணினி பழுது பார்க்க வந்த ஹாஜா மைதீன்
"எதுக்குக்கா நாலு பிரவுசர்?
மூணைத் தூக்கிடுங்க, மெஷின் பறக்கும்" என்கிறான்.
நீடாமங்கலத்தில் எது பறந்திருக்கிறது?
வெளியே ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது.
இருபது டேப் திறந்த குரோம் மாதிரி
லாரி, மினிபஸ், உரமூட்டை டிராக்டர்,
எதுவும் இஞ்சினை அணைக்காமல்
மெமரியைத் தின்றுகொண்டு நிற்கின்றன.

சொல்கிறேன், கேள்.
பழைய அரசாங்கத் தளம் ஒன்று
எட்ஜுக்கு மட்டும்தான் வாய் திறக்கும்.
ஓரம் வெட்டுப்படாமல் அச்சுக்கு அனுப்புவதும் அதுதான்.
குரோம், மொய் எழுத உட்கார்ந்தவன் மாதிரி
வருகிறவர் பாஸ்வேர்டையெல்லாம்
எழுதி வைக்கட்டுமா என்று கேட்கும்.
ஒரு நாளைக்கு அறுபது தடவை வேண்டாம் என்பேன்.
ரிசல்ட் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு ஓபெரா:
ஆடுகிற பச்சைப் பொத்தான்களை
அது அண்டவிடாது.
ஃபயர்ஃபாக்ஸில் ரீடர் மோடு.
கண் ஆபரேஷன் ஆன வாத்தியார்
பென்ஷன் அரசாணையை
மூக்கு உரசாமல் வாசித்தார்.

"ஃபயர்ஃபாக்ஸ் தவிர மத்த மூணும்
உள்ளே ஒரே இஞ்சின்கா."
தெரியுமடா.
மூணாறு தலைப்பில் நின்று பார்த்திருக்கிறாயா?
ஒரே தண்ணீர்தான்.
ஷட்டரைத் தாண்டினால்
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
முறை வைத்துத் தண்ணீர் விடும் மாதத்தில்
பாமணியாற்றுக்காரனிடம் போய்
எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று சொல்லிப் பார்.
ஃபயர்ஃபாக்ஸ்காரன் சொந்தமாக போர் போட்டவன்.
அவனைப் பேச்சில் இழுக்காதே.

அவனிடம் சொல்லாதது:

ஐப்பசி கடைசியில் இளஞ்சியம் வந்தாள்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய சர்வே எண்,
வியர்வையில் உட்பிரிவு கரைந்திருந்தது.
"பார்த்தது தெரியாம பார்க்க முடியுமா?"
குரோமில் மறைநிலைச் சாளரம் திறந்தேன்.
கறுப்புத் திரை, தொப்பி, கண்ணாடி.
"களவாணி மாதிரி இருக்கானே" என்று சிரித்தாள்.
ஓடிபியை என் போனுக்கே வாங்கினேன்.
சிட்டா வந்தது.
அப்பா பெயர் இருந்த இடத்தில்
அண்ணன் பெயர், அது மட்டும்.

அவள் விரல் கண்ணாடியில் மேலும் கீழும் போனது.
கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி
இளஞ்சியம் என்று தட்டினேன்.
நாலு பிரவுசரிலும் ஒரே மாதிரி வேலை செய்வது அது ஒன்றுதான்.
பூஜ்யத்தில் பூஜ்யம்.
"ஆபீஸ்ல இளஞ்சியம்மாள்னு எழுதுவாங்க."
அதையும் தட்டினேன்.

அச்சை நாலாய் மடித்தாள், இருபது ரூபாய் வைத்தாள்.
சாளரத்தை மூடினேன்.
அவள் வந்ததை குரோம் மறந்தது.
இன்னொன்றை நான் மறந்தேன்.

மூன்றாம் நாள் அண்ணன் கலியமூர்த்தி,
பயிர்க் காப்பீட்டுக்கு, அதே சிட்டா.
எட்ஜில் இறக்கினேன்.
கோப்பின் பெயருக்குப் பின்னால்
அடைப்புக்குறிக்குள் ஒன்று.
எந்த வாய்க்காலில் பாய்ந்தால் என்ன,
நாலுக்கும் வடிகால் ஒரே டவுன்லோடு ஃபோல்டர்.
"அது என்னம்மா ஒன்னு?"
"இந்த பிரவுசர் அப்படித்தாங்க,
எல்லாத்துக்கும் ஒன்னு போடும்."
"அப்ப வேற ஒன்னுல எடு."

குரோமில் எடுத்தேன்.
இரண்டு போட்டது.

அவர் திரையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
கேட் திறந்து அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில் அலறியது.
என்ன கேட்டார் என்று
காதில் விழாத மாதிரி
பிரீமியம் தொகையைச் சொன்னேன்.

"என்னக்கா யோசனை? மூணைத் தூக்கட்டுமா?"
ஹாஜாவின் கை மவுஸில் இருக்கிறது.
தூக்காதே.
ஃபோல்டரைப் பிரித்துக் கொடு.
நாலுக்கும் நாலு, தனித்தனியாக.
"அதெதுக்கு?" என்கிறான்.
கேட் திரும்பச் சாத்துவதற்குள்
முடித்துவிட்டுக் கிளம்பு என்கிறேன்.