மெய்யெழுத்து

கல்லடியில் கல்லடிக்கிறவன் நான்.
எழுத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
புள்ளிக்குக் காசு எடுப்பதில்லை.

வீரமுகப்போடியின் கல்
பாலத்துக்கு இந்தப்பக்கம், என் பட்டறையில்
பதினொரு நாள் மல்லாந்து கிடந்தது.
வாசகம் எழுதித் தந்தவர்
கச்சேரியில் காணிப் பகுதியில் இருந்த பூபாலரெத்தினம்.
பழைய கடுதாசிகளைப் பார்த்து எழுதியிருந்தார்:
வெள்ளைக்காரனுக்கு வரி கொடுக்க மறுத்தான்.
தனக்குப் பங்கு தராத சாளம்பைத்துறையில்
நாற்பது குடிசையை எரித்தான்.
அப்படியே வெட்டினேன். எனக்கென்ன.

மறுகா வந்தது குழு, வேனில்.
"பெரிய மனுசனுக்கு ஆன் போடுறதா?"
னகரத்தை நிரப்பி ரகரம் வெட்டினேன்.
கல்தூளும் பிசினும் குழைத்து அப்பினால்
காய்ந்த பிறகு
கல்லுக்கே தெரியாது.

"பங்கு தராத" போனது.
"நாற்பது குடிசை இந்த நேரத்தில என்னத்துக்கு?"
அதுவும் போனது.
வெறுமையாய்க் கிடந்த இடத்தில்
ஒரு குத்துவிளக்கு, சுடரோடு.

மிஞ்சியது:
சாளம்பைத்துறையில் எரித்தார்.
எதை, எதை என்று கேட்டுக்கொண்டே இருந்தது கல்.

அதிபர் குலேந்திரராசா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக் குனிந்தார்.
"தம்பி, அந்தத் த்-ஐ
ந் ஆக்கினால் என்ன?"

இரண்டுக்கும் வால் ஒன்றுதான்.
தலையை மட்டும் கொஞ்சம் செதுக்கினேன்.
புள்ளி, பழைய புள்ளியே.
அதற்குக் காசு வாங்கவில்லை.

சிலைக்கார அன்ரனிடம்
வேறொரு மாவட்டம் வாங்காமல் விட்ட குதிரை இருந்தது.
எருமைக் கரத்தையில் திரிந்தவரை
அதில் ஏற்றினார்கள்.
இழுத்து நடந்த கால்
அங்கவடியில் நேராயிற்று.

திறப்பன்று படுவான்கரையிலிருந்து மூன்று பஸ்.
அதில் ஒன்று சாளம்பைத்துறை பஸ்.
சோதிமலர் என்றொரு பெண்
கைக்குழந்தையோடு குதிரையின் கீழ் நின்று படம் எடுத்தாள்.
"எங்கட ஊரிலதான் எரிஞ்சவர்" என்றாள்
பக்கத்தில் நின்ற என்னிடம்.
சொல்வதற்கு என் வாயில் ஓர் எழுத்து இருந்தது.
பாயாசம் கொடுத்தார்கள்.
விழுங்கினேன்.

அடுத்த வருடம் பள்ளிப் புத்தகத்தில் ஏறினார்.
பட்டாளம் வளைத்ததாம்;
நாற்பது குடிசையைக் காக்க
தானே தீயில் இறங்கினாராம்.
நான் நிரப்பிய குழியிலிருந்து
அந்த நாற்பது
எந்த வழியாய் எழுந்து போனது?

பிறகு முத்திரை.
நாடு அவருக்கு வைத்த விலை ஐம்பது ரூபாய்,
என் ஓர் எழுத்துக்குக் காணாது.

பூபாலரெத்தினம் ஒரு பின்னேரம் வந்தார்.
கடுதாசியின் நகல் இன்னும் சட்டைப்பையில்.
"முழுவதையும் வெட்ட எவ்வளவு முடியும்?"
விரல் மடக்கி எழுத்துகளை எண்ணினார்.
பென்சன் காசை எண்ணினார்.
தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இந்த ஆடியில்
கல்லின் முன்னால் தீக்குழி வெட்டினார்கள்.
குரவை, பறை, மஞ்சள் சீலைகள்.
மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார்கள்:
"அண்ணன், எழுத்து உருகுது."

போனேன்.
தணல் வெக்கையில் பிசின் இளகி
ந்-இன் தலைக்கு மேலே
த் பாதி வெளியே வந்திருந்தது.
யாரும் அதை வாசிக்கவில்லை.
வரிசையில் நின்று
சாம்பல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பூசாரி என் நெற்றியிலும் பூசினார்.
சூடு ஆறவில்லை.

கொண்டுபோன கல்தூள் போதாமல்
அந்தச் சாம்பலில் ஒரு பிடி அள்ளிக் குழைத்தேன்.

நிறம் நன்றாகப் பொருந்தியது.