கண்ட நடை

வலது முட்டிதான் முதலில் வாயைத் திறந்தது.
பதினோரு வருடம் பிரேக் மிதித்த கால்.
எலும்புப் படத்தைத் திரையில் பெரிதாக்கிய சுஹைலா
"வாரம் மூன்று நாள் மெதுவாக ஓடுங்க அக்கா,
பாட்டு கேட்டுக்கிட்டே" என்றாள்,
கஞ்சிக்கு ஊறுகாய் சொல்வதுபோல.

பேருந்து ஓட்டுகையில் காதில் எதுவும் கூடாது.
என் நாளுக்கு இருந்ததெல்லாம்
அட்டை தட்டும் பீப்,
இறங்குகிறவர் அழுத்தும் டிங்,
கதவின் பெருமூச்சு.

செயலி கேட்டது: இப்போது உங்கள் மனநிலை?
விடிகாலை ஐந்தே காலுக்கு
மனநிலை என்று ஒன்று உள்ளவர்களிடம் கேட்க வேண்டியது.
உற்சாகம் என்பதைத் தொட்டேன்.
காதுக்குள் ஒரு கூட்டமே கைதட்டியது.
போத்தோங் பாசிர் சாய்கூரைகளைத் தாண்டும் முன்
மூச்சு வாங்கி ஆற்றோரம் நின்றுவிட்டேன்.
கீழே நீர்நாய் ஒன்று
மீனைத் தலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது,
நொறுக் நொறுக்கென்று,
எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல்.

பிறகு குத்துப்பாட்டு.
நாலு நாலாய் விழும் அடி.
எண்ணிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது:
ஒன்று வலது, இரண்டு இடது,
மூன்று வலது, நான்கு இடது,
மறுபடி ஒன்று, மறுபடி வலது.
கனத்த அடியெல்லாம் கெட்ட முட்டிக்கே.
எங்கள் டிப்போவில் ஞாயிறு வேலை பிரிப்பவர்தான்
இதற்கும் தாளம் போட்டிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை
லிட்டில் இந்தியா நிறுத்தத்தில் ஒரு தவில்காரர் ஏறினார்.
முன்னிருக்கையில் உட்கார்ந்து
மடியில் வைத்த தவிலை உறைமேலேயே
விரலால் தட்டிக்கொண்டு வந்தார்.
தகதகிட தகதகிட
சிவப்பு விளக்கில், வேலையில்லாத என் இடது கால்
தானாக எண்ணியது.
ஐந்து.

மறுநாள் ஐந்தைத் தேடிப் பிடித்து ஓடினேன்.
முதல் த வலதில்.
அடுத்த த இடதில்.
கனம் கைமாறிக்கொண்டே வந்தது,
குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து
இன்னோர் இடுப்புக்கு மாற்றுவதுபோல.
முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

பாலத்துக்கடியில் தினமும் கைவீசுகிறவர்,
இடுப்பு வானொலியில் சீனக் கூத்து கேட்பவர்,
என்ன கேட்கிறாய் என்று புருவத்தால் கேட்டார்.
ஒரு பக்கத்தைக் கழற்றி நீட்டினேன்.
அரை நிமிடம்.
அவர் கைவீச்சு குழம்பி
இரண்டு கையும் ஒரே பக்கம் போயின.
சிரித்தபடி, துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஓய்வுக்குத் தேடியது தனிக் கதை.
புல்லாங்குழல் அழவைத்தது, காரணம் தெரியவில்லை.
வீணையில் அடுத்த கமகத்துக்குக் காத்திருந்து
விழித்தே கிடந்தேன்.
எட்டு மணிநேர மழைச் சத்தம் என்று ஒன்று.
எந்த ஊர் மழையோ, இடியே இல்லை.
அதைக் காதில் மாட்டிக்கொண்டு அயர்ந்த மதியம்
நம்மூர் மழை வந்து ஏர்கான் பெட்டிமேல் அறைந்து
மூங்கில் கழியிலிருந்த இரண்டு சீருடையையும்
நனைத்துவிட்டுப் போயிருந்தது.

கடைசியில் கிடைத்தது மேல்மாடியில்.
இரவு ஒன்பதுக்கு ஷின் யீ பியானோ பழகுவாள்.
பரீட்சைக்கான ஒரே பாட்டு.
பாதியில் ஓர் இடத்தில் தவறாமல் சறுக்குவாள்,
நிறுத்துவாள், முதலிலிருந்து வருவாள்.
முட்டியில் ஐஸ் பையோடு படுத்திருப்பேன்.
அந்தச் சறுக்கல் வரும்.
கண் மூடிக்கொள்ளும்.

பரீட்சைக்கு முந்திய இரவு
சறுக்காமல் வாசித்துவிட்டாள்.
இன்னொரு முறையும்.
நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்,
மேல்படி இருக்கும் என்று கால் வைத்து
இல்லாமல் போனவளாக.

வாரம் கழித்து மின்தூக்கியில் பார்த்தேன்.
பாஸா என்றேன்.
"பாஸ், ஆன்ட்டி. இனிமேல் வேற பாட்டு.
ரொம்பக் கஷ்டம்."
அப்படியா என்று சொல்லிவிட்டு
எட்டாம் மாடி வரை
சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.