மேசை: ஒன்று

பெச்வா ஆறு வீடுகளுக்குள் வந்து
நான்காம் நாள்தான் திரும்பிப் போனது.
அது நின்ற உயரம்
சுவரில் பழுப்புக் கோடாய், என் தோள் மட்டத்துக்கு.
இழப்பீட்டுப் படிவத்தில்
இரண்டு பக்கம் நிரப்பி வைத்திருந்தார் பேராசிரியர் நெச்சாஸ்.
முதல் வரி:
மேசை, ஓக் மரம், ஒன்று.

என்னை அவருக்கு நினைவில்லை.
பதினெட்டு வருடம் முன்பு, ஒலொமோட்ஸில், மாலை வகுப்பில்,
கடைசி பெஞ்சில் ஈரக் கோட்டோடு உட்கார்ந்து
கேட்டிருக்கிறேன் இவர் சொன்னதை:
மேசைகள் இல்லை.
மேசை மாதிரி அடுக்கி நிற்கும் மிகச் சிறியவை உண்டு, அவ்வளவே.
அவற்றுக்கு மேல் மேசை என்று இன்னொன்றையும் எண்ணுகிறவன்
ஐந்து விரலையும் எண்ணி முடித்துவிட்டுக்
கையை ஆறாவதாக எண்ணுகிறான்.

அந்தத் தேர்வில் தோற்றுத்தான்
காப்பீட்டுக்கு வந்தேன்.

"ஒன்று என்று போட்டிருக்கிறீர்களே?"

ரப்பர் பூட்ஸோடு கதவு இல்லாத வாசலில் நின்றார்.
"எத்தனை கோடி என்று எழுத
உங்கள் கம்பெனி இடம் விடவில்லை."

சரி. மேசை எங்கே?
ஆறு கொண்டுபோய்விட்டது.
ஆதாரம்?
ஒரு புகைப்படம் தந்தார்,
ரேடியேட்டரில் உலர்த்தி ஓரம் சுருண்டது.
பிளம் கேக். மூன்று தட்டு.
தரை தொடும் வெள்ளை விரிப்பு.
விரிப்புக்குப் பின்னால் அவர் மனைவி க்வெதா,
ஒரு கையில் கத்தி, ஒரு முழங்கை ஊன்றி,
படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்.

"இதில் மேசை தெரியவில்லை."
"விரிப்புக்குக் கீழே இருக்கிறது."
"விரிப்பு தெரிகிறது.
கீழே ஓக்கா, பைனா, நான்கு பழப்பெட்டியா
என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
இத்தனை வருடம் ஊறிக் கிடந்த கேள்வி,
சேற்று வீட்டில் வைத்தா கேட்க வேண்டும்.

அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
"விரிப்பு காற்றில் நிற்காது, திருமதி ஹெய்மனோவா."
பிறகு, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல்,
"இல்லாத ஒன்றின் மேல்
க்வெதா சாய்கிறவள் இல்லை."

க்வெதா மாதிரி அடுக்கி நின்றவை
இரண்டு குளிர்காலம் முன்பு கலைந்துபோயின
என்றா துக்க அட்டையில் அச்சடித்தீர்கள்?
நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.
உயிருள்ளவை மட்டும் வேறு கணக்கு,
அவை உண்மையிலேயே உண்டு என்பவர்கள்
அந்தத் துறையில் ஒரு கட்சி.
வகுப்பில் அவர்களைக் கேலி செய்வார்.
இப்போது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்னவோ.

பக்கத்து வீட்டு கேஸ் அடுப்பில் காபி போட்டு
இரண்டு குவளையில் கொண்டுவந்தார்.
சமையலறை நடுவில் எதுவும் இல்லை.
கழுவிவிட்ட ஓடுகள், ஈரம்.
அந்த எதுவுமில்லாததை இடித்துக்கொள்ளாமல்
ஓரமாகச் சுற்றி நடந்து வந்தார்.
என் குவளையை என்னிடம் கொடுத்தார்.
தன்னுடையதை
இடுப்பு உயரத்தில்,
பார்க்காமல்,
வைத்தார்.

காபி என் காலணி வரை தெறித்தது.
இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
துண்டுகள் இன்னும் குவளை மாதிரி
கிட்டத்தட்ட வட்டமாகவே கிடந்தன.

"வெள்ளத்துக்குப் பின் உடைந்தது,
விதிப்படி சேராது" என்றேன்.
வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.
"தெரியும்" என்றார்.
குனிந்து பொறுக்கத் தொடங்கினார், பெரிய துண்டு முதலில்.

காருக்குள் ஹீட்டர் சூடேற நேரம் பிடித்தது.
மடியில் வைத்து எழுதினேன்:
மேசை, ஓக், ஒன்று.
தேய்மானம் நாற்பது சதவீதம்.
ஆதாரம்: நேரில் பார்த்தேன்.