மாரி அடுப்பு

ஐப்பசி பதினேழில் வந்திறங்கியது,
ஓட்டமாவடி முஸம்மிலின் பட்டறையிலிருந்து
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி.
எண்ணெய்ப் பீப்பா ஒன்றின் கீழ்ப்பாதி.
ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள்,
கூரைத் தகரத்தை வெட்டி மேலேறிய குழாய்.
"முதல் மூணு நாள் பெயின்ற் மணக்கும்,
பயப்பிடாதீங்க" என்றானாம்.
ஏழு நாள் மணத்தது.
சோறு மணத்தது, தலையணை மணத்தது.
கோயிலுக்குப் போனால் ஐயர்
ஒரு எட்டுத் தள்ளி நின்று திருநீறு தந்தார்.

காஸ் சிலிண்டரை மூலைக்குத் தள்ளினோம்.
அதன் தலையில் இப்போது உப்புப் போத்தல்.

பிறகு மழை.
கிரானில் அது பெய்வதில்லை, குடியேறும்.
பாலத்துக்கு மேலால் ஆறு போயிற்று.
பஸ் சந்தியோடு திரும்பிற்று.
சுவர் வியர்த்தது. நெருப்புப்பெட்டி நமுத்தது.
வாடை கதவிடுக்கால் நுழைந்து
கணுக்காலைத்தான் முதலில் பிடித்தது.
கிளியக்கா தன் போர்வையைக் கொண்டுவந்து
எங்கள் குழாயடியில் காயப் போட்டுவிட்டு
காய்ந்த பிறகும் போகாமல் இருந்தா.
எதிர்வீட்டுப் பூனை கேட்கவேயில்லை,
வந்தது, படுத்தது.

அடுப்புக்கு ஒரு குணம்.
முழுசாய்த் திறந்தால் விறகைத் தின்று தீர்க்கும்,
முழுசாய் மூடினால் மூச்சு முட்டிச் சாகும்.
இரண்டு விரல் இடைவெளி வேண்டும் அதற்கு.
கடையைப் பூட்டிய நாளிலிருந்து
என்னோடு நாலு சொல் பேசாத பேரின்பம்
இரண்டாம் சாமத்தில் கூப்பிட்டார்:
"இஞ்ச வாகா, அணையப் போகுது."
எழும்பிப் போனேன்.
இரண்டு பேரும் குந்தியிருந்து ஊதினோம்.
கண் கலங்கிற்று.
புகை என்று சொல்லிக்கொண்டோம்.

கார்த்திகை பாதியில் விறகு முடிந்தது.
முற்றத்து முதிரைக் கட்டைக்குமேல் தண்ணீர்.
ஊறின பொச்சு, ஊறின பன்னாடை,
சிரட்டை மட்டும் அரைச்சாக்கு.
அப்போதுதான் அவர் முன்னறைக்குப் போய்
கடைத் தட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்.

வேப்பம் பலகை. எலும்பாய்க் காய்ந்தது.
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து:
பருப்பு, சீனி, தேயிலை நூறு கிராம்,
ஒரே மாதத்தில் நாலு தரம் வெட்டி எழுதிய விலை.
பருப்புப் பலகையில் அன்றைக்குக் கஞ்சி.
சீனிப் பலகையில் குளிக்கச் சுடுதண்ணி.
தேயிலைப் பலகை படபடவென்று வெடித்து எரிந்தது,
விலை கேட்டுவிட்டுப் போனவர்கள் மாதிரி.

கடைசிப் பலகை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்தது.
அதில் பென்சிலால் கடன்.
பூபாலபிள்ளை, முந்நூற்றி நாற்பது.
மாசிலாமணி டீச்சர், மா ரெண்டு கிலோ.
தெய்வானைப்பிள்ளை,
பால்மா, பால்மா, பால்மா.
அவர் பெயர் பெயராய் வாசித்தார்.
கோபத்தோடுதான் தொடங்கினார்,
பால்மாவில் குரல் இறங்கிற்று.
"அந்தப் புள்ள இப்ப நடக்குதாமா?"
"ஓடுது" என்றேன்.
முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தார், முடியவில்லை.
கோடரியால் பிளந்தோம்,
ஒரு பெயரும் நடுவால் வெட்டுப்படாமல் பார்த்து.
அந்த நெருப்பில் புட்டு அவித்தோம்.
நல்ல புட்டு என்று சொல்லமாட்டேன்,
தேங்காய் காணாது.

தை பிறந்து நாலாம் நாள், வெயில்.
சாம்பல் வாரலாம் என்று போனால்
அடுப்புக்குள் அந்தப் பூனை,
மூன்று குட்டி, கண் திறக்காதவை,
ஒன்று சாம்பல் நிறமா சாம்பலேதானா தெரியவில்லை.

அடுப்பில் பூனை உறங்கினால்
அந்த வீட்டில் பட்டினி என்பார்கள்.
தெருவால் போகிற எல்லோரையும் கூப்பிட்டு
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார் பேரின்பம்,
முற்றத்தில் மூன்று கல் வைத்து
அரையீர முதிரையை ஊதியபடி.
பூபாலபிள்ளையும் போனார்.
அவரையும் கூப்பிட்டார்.

உலை கொதிக்கப் பதினொரு மணியாகும்.
இரண்டு விரல் காணாது பூனைக்கு.
அடுப்புக் கதவை முழுசாய்த் திறந்துவிட்டிருக்கிறேன்.