தெளிந்த தண்ணீர்

பெரிய வியாழன் பூசை ஆறரைக்கு.
மூன்று மணிக்கே நான்
கிணற்றடியில் உட்கார்ந்து
பாதம் தேய்க்கத் தொடங்கிவிட்டேன்.
குதிகால் வெடிப்புக்குப் பழைய பிரஷ்,
நகக்கண்ணுக்கு ஊசிமுனை,
கடைசியில் கொஞ்சம் டெட்டால்.
இருபது வருடம் மீன் ஏலம் கூறி ஏறின நாற்றம்
சாமியார் மூக்குக்குப் போகக் கூடாது.

பன்னிரண்டு பேரில் ஒருவனாக
ஞாயிறு பூசையில் என் பெயரை வாசித்தார்கள்:
ம. வியாகுலதாசன்.
தெறிப்புப் பாக்கி கிடையாது.
குருசடிக்கு டைல்ஸ் பதித்தவன்.
நாற்பது நாளும் சுத்தபோசனம்,
வெள்ளிதோறும் சிலுவைப்பாதை,
பதினான்கு தலத்திலும்
வெறுந்தரையில் முழந்தாள்.
பெனடிக்டா அன்றே போய்
வெள்ளை வேட்டி எடுத்துவந்தாள்.
கரை சிவப்பாயிருக்கிறதென்று
மறுநாள் போய் மாற்றியும் வந்தாள்.

பலிபீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி.
என்னுடையது கடைசி.
பக்கத்தில் பந்தல் போடும் சிலுவைதாசன்.
அவனும் டெட்டால் மணந்தான்.

சாமியார் சின்னப் பையன், போன ஜூனில் வந்தவர்.
கோயில்பிள்ளை பஸ்தியான் செம்பிலிருந்து ஊற்ற,
இடுப்பில் துவாலையோடு குனிந்து
ஒவ்வொரு பாதமாக எடுத்தார்,
வலையறுக்காமல் நண்டைக் கழற்றுகிற கவனத்தோடு.

பேசினை எட்டிப் பார்த்தேன்.
பதினொரு பேரைக் கழுவிய தண்ணீர்.
அடியில் வரைந்த நீலப்பூ
இதழ் இதழாகத் தெரிகிறது.
ஒரு பொட்டு மண் இல்லை.
எல்லாரும் வீட்டிலேயே கழுவிவிட்டுத்தான்
கழுவப்பட வந்திருக்கிறோம்.

முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு வலது காலை நீட்டினேன்.

இந்தக் கால்தான்.
விபூதிப் புதன் காலையில்
நெற்றிச் சாம்பல் உலர்வதற்குள்
நேரே மெற்றில்டா வீட்டுச் சாய்ப்புக்குப் போனது.
கதவு ஒட்டிக்கொண்டிருந்தது. உதைத்ததும் இதுதான்.
ஆன்சிலம் கடலுக்குப் போய் ஏழு மாதம்,
அவன் வரவில்லை,
வள்ளம் மட்டும் கரையேறியது, என்ஜினோடு.
முன்பணம் என்னுடையது. வட்டி நின்றுவிட்டது.
விசிறியில் அவன் சுற்றிவைத்த நீல நைலான்
அவிழாமல் அப்படியே இருந்தது.
இரண்டு பையன்கள் தூக்கினார்கள்.
அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.
"நெத்தியில என்னமோ ஒட்டியிருக்கு, அண்ணே"
என்று மட்டும் சொன்னாள்.
துடைக்கச் சொல்கிறாள் என்றுதான்
அன்றைக்கு நினைத்தேன்.

சாமியார் துவாலையால் ஒற்றினார்.
குனிந்து முத்தமிட்டார்.
கதவில் பட்ட அதே இடத்தில்.

பூசை முடிந்து பீடத்தின் துணிகளை
ஒவ்வொன்றாக உரித்தார்கள்.
கீழே வெறும் கல்.
வெளியே பஸ்தியான் பேசினைச்
செம்பருத்தி மூட்டில் கவிழ்த்துவிட்டு
"இந்த வருசமும் நல்ல தண்ணிதான்" என்றார்,
யாரிடமும் இல்லாமல்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு
எங்கள் அன்பியத்துக்கு ஆராதனை.
நான் போகவில்லை.
என்ஜினைத் தூக்க ஆள் கூப்பிடலாம்.
கூப்பிட்டால் விடிவதற்குள் ஊருக்குத் தெரியும்,
ஈஸ்டர் கழிந்து பங்குப் பேரவையில் பாராட்டுவார்கள்,
நானும் எழுந்து கும்பிடுவேன்.
ஐஸ் பெட்டி வண்டியில் ஒருபாடாக ஏற்றித்
தனியாகத் தள்ளினேன்.
மணலில் சக்கரம் புதைந்தது.
புதுச் செருப்பு வழுக்கியது, கழற்றி எறிந்தேன்.
முட்டத்து விளக்கு சுழன்று வந்து
என்னைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று.
செதில், தார், ஈரமண்,
எவனோ உடைத்த பாட்டிலில் ஒரு சில்லு.
ரத்தம் கசிந்ததா, கடல்நீரா,
இருட்டில் தெரியவில்லை.

சாய்ப்புக் கதவில் கயிறு கட்டியிருந்தது.
நான் உடைத்த தாழ்ப்பாளுக்குப் பதில்.
வண்டி நின்ற சத்தத்துக்கு நாய் குரைத்தது.
உள்ளே விளக்கு எரிந்தது.

"யாரு?" என்றாள்.

ஞாயிறு பூசையில் வாசித்த அந்தப் பெயர்
வாயில் வரவில்லை.