இரண்டாயிரத்துக்கு மேல், இருபது நிமிடம்

வியாழக்கிழமை அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது.
சின்ன டப்பா, உள்ளே புள்ளிகள்,
யாரோ மிளகை அள்ளிப் போட்டு மூடியதுபோல்.

குற்றம் என்னுடையதுதான்.
பெதெஸ்டாவில் என் பிழைப்பு அப்படி:
ஒன்றரை மைல், நிறுத்து, பிளோட்வெனுக்குக் காலுறை மாட்டு.
முக்கால் மைல், நிறுத்து,
ஒருவருக்கு ஓட்ஸ் கஞ்சி, அடுத்தவருக்குக் கண்ணில் சொட்டு.
பதினாறு வயது ஸ்கோடா
தன் கரியைத் தானே எரிக்கத் தொடங்கும்போதெல்லாம்
யார் வீட்டு வாசலிலாவது சாவியைத் திருப்பிவிடுகிறேன்.
அணைத்த பிறகும் விசிறி மட்டும் சுழலும்,
பாதிப் பேச்சில் எழுந்து போனவளைத் திட்டுவதுபோல்.

டாரன் சொன்னான்:
அறுத்துத் திறந்து, உள்ளிருப்பதைக் குடைந்தெறிந்து
மறுபடி வெல்டு வைத்துவிடலாம்.
இருநூற்றைம்பது பவுண்டு, ரொக்கம்.
வெளியே பார்த்தால் அதே டப்பா.
சட்டம்?
"அடியில் படுத்து யார் பார்க்கப்போகிறார்கள்."

இட்வால் படுத்துப் பார்த்தான்.
அழுத்தம் அளக்கும் ரப்பர் குழாயில் மயிரிழை விரிசல்.
ஏழு பவுண்டில் மாற்றினான்.
எண்ணெய்க் குச்சியை உருவி மோந்தான்: டீசல் வாடை.
இரண்டு குறிக்கும் மேலே நின்றது அளவு.
எண்ணெயையும் மாற்றினான்,
சாம்பல் குறைந்த ரகம், விலை கூடியது,
நான் முகம் சுளித்ததைப் பார்த்தும் பாராமல்.
பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.
கரி இருபத்தெட்டு கிராம்.
சாம்பல் நாற்பத்தொன்று.

"கரி எரியும். சாம்பல் எரியாது.
எரிந்து முடித்ததை இன்னொரு தடவை எப்படி எரிப்பாய்?
இன்னும் ஏறினால் கழற்றிக் கழுவ வேண்டும்,
அது வேறு கணக்கு."
ரசீதின் முதுகில் எழுதினான்:
நான்காவது கியர். இரண்டாயிரத்துக்கு மேல்.
இருபது நிமிடம். நிற்காதே.

கடைசி வீடு கோரொன்வியுடையது.
முப்பத்தொரு வருடம் ஸ்லேட் குவாரி.
மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் முணுமுணுக்கும்.
காரின் கதையைச் சொன்னேன்.
சிரித்தார், சிரிப்பு இருமலாகி
இருமல் முடியும்வரை
டம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.
"எனக்கு அந்த நான்காவது கியர் இல்லை" என்றார்.
நெடுநேரம் கழித்து,
"டாரனிடம் விடாதே.
அவன் அப்பன் எங்கள் மேஸ்திரி.
ரம்பத்துக்குத் தண்ணீர் விட்டால்
நேரம் வீணாகிறது என்று குழாயை மூடிவைப்பான்."

இரவு ஒன்பதேகால். டாங்கில் அரைக்கு மேல் டீசல்.
ஏ-ஐம்பத்தைந்தில் ஏறினேன், இடப்பக்கம் கடல்,
இருட்டில் அது இருப்பது காற்றின் உதையில்தான் தெரிந்தது.
எங்கும் போக வேண்டியதில்லாமல் நான் கார் ஓட்டியதே இல்லை.
யாரும் காத்திருக்கவில்லை. யாருக்கும் மாத்திரை நேரமில்லை.
முள் இரண்டாயிரத்து முந்நூறில் நடுங்கியது.
கான்வி சுரங்கத்தில், ஆற்றுக்கு அடியில்,
சூடான இரும்பின் வாசம் வந்தது,
அடுப்பில் வெறும் சட்டியை மறந்துவிட்டதுபோல்.
பயந்தேன். காலை எடுக்கவில்லை.

விளக்கு எங்கே அணைந்தது என்று தெரியாது.
லான்தூலாஸ் தாண்டிப் பார்த்தபோது இல்லை.
அபெர்கெலியில் திரும்பியிருக்கலாம்.
இன்னும் இரண்டு சந்திப்பு போனேன்,
அதற்குக் காரை நான் சாக்குச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை இட்வால் மறுபடி பார்த்தான்.
கரி நான்கு.
சாம்பல் நாற்பத்தொன்று.

திங்கள். ஒன்றரை மைல், நிறுத்து. முக்கால் மைல், நிறுத்து.
கோரொன்வி வாசலில் மட்டும்
சாவியில் கை வைத்துக் காது கொடுத்தேன்.
விசிறி சுழல்கிறதா?
ஜன்னலில் அவர் கையை விரித்தார்:
ஏன் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய்?