மூன்று மில்லி

சோஹாரில், வெளிச்சப் பலகையில்
என் கையை மாட்டிவைத்துப் பேசினார் டாக்டர் ஹானி.
சுண்டுவிரல் பக்கத்து எலும்பு
மூன்று மில்லி நீளமாம்.
அது முட்டி முட்டி
நடுவிலிருக்கும் குருத்து
பழைய வாஷர்போல் கிழிந்துவிட்டதாம்.

பதினொரு வருஷமாய்க் கம்பி கட்டுகிறேன்.
கொக்கியைச் சுழற்றிச் சுழற்றி
எத்தனை தளம் எழுப்பினோம்.
மூன்று மில்லி கூடிப்போன கம்பியை
எங்கள் சைட்டில் எவனும்
திருப்பி அனுப்பியதில்லை.

துளைபோட்டுக் கேமரா விட்டுக்
கிழிசலைத் தைக்கலாம்;
எலும்பு குறையாமல் தையல் தாங்காது.
நுனியை மட்டும்
அப்பளக் கனத்துக்குச் சீவலாம்.
இல்லை, நடுவில் அறுத்து
மூன்று மில்லியை எடுத்துவிட்டு
ஒரு பிளேட், ஆறு திருகாணி.
அவர் கை அந்தப் படத்தின்மேலேயே நின்றது.

'ஒட்டுமா?'
'சிகரெட்டை விட்டால் ஒட்டும்.'

எத்தனை வாரம் என்றேன்.
பன்னிரண்டு.
விசா முடியும் தேதியை
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ராத்திரி கேம்ப்பில் பெட்ஷீட் அலசினேன்.
ஒரு முனையை நான் சும்மா பிடித்திருக்க
மறுமுனையை முறுக்கினான் தில் பகதூர்.
போன மாசத்திலிருந்து
கூப்பிடாமலே வந்துவிடுகிறான்.
'இன்னும் ஒரு சுற்று' என்றேன்.
முறுக்கினான். கொடியில் போட்டான்.
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு
வழக்கம்போல் ஒரு சிகரெட் நீட்டினான்.

வாங்கிக் காதில் செருகிக்கொண்டேன்.
தீப்பெட்டி அவனிடம்தான் இருந்தது.
நான் கேட்கவில்லை.